மூணு கலர் பூமரம்

றக்வானையில் பஸ் கடைசியாகத் திரும்பி நிற்கும் இடத்திலிருந்து இன்னும் இரண்டு மைல்கட்டை தூரம் ஏறினால் அந்தத் தேயிலைத் தோட்டம் வரும். ஆனந்தராசா அங்கே பதினொரு வருடமாக டிஸ்பென்சரியைப் பொறுப்பாகப் பார்த்து வந்தார். சொந்த ஊர் யாழ்ப்பாணப் பக்கம். லயங்கள் என்ற வரிசைவீடுகளில் இருந்த தொழிலாளர் சனம் அவரை டிஸ்பென்சரி ஐயா என்று கூப்பிடும். காய்ச்சல், செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்ட காயம், அட்டை கடித்துப் பழுத்த புண் என்று எதற்கும் முதலில் அவரிடம்தான் வருவார்கள். டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொன்னால் மறுபேச்சில்லாமல் கொண்டு போவார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னால், அழுதுகொண்டு வந்த தாய் வாசற்படியிலேயே கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அவர் வாயிலிருந்து வரும் சொல்லுக்கு அங்கே அவ்வளவு மதிப்பு.

அவருடைய மனைவி பத்மாசனிக்குப் பூமரங்களில் ஆசை. குவாட்டர்ஸ் முன்னால் சின்ன இடம்தான். அதில் குரோட்டன், ரோசா, செவ்வந்தி என்று நெருக்கமாக வைத்திருந்தார். எல்லாவற்றிலும் அவருக்குப் பிடித்தது இரத்தினபுரியில் வாங்கி வந்த ஒரு செடி. விற்றவன் அதை யெஸ்டர்டே டுடே டுமாரோ என்று சொன்னான். முதல்நாள் ஊதாவாக விரியும் பூ அடுத்த நாள் வெளிறி, மூன்றாம் நாள் வெள்ளையாகிவிடும். ஒரே மரத்தில் மூன்று நிறமும் நிற்கும். பின்னேரமானால் வாசம் ரோட்டு வரைக்கும் வரும். கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு அந்த வழியாகப் போகும் பெண்கள் அதை மூணு கலர் பூ என்றார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் பத்மாசனி நடத் தடி வெட்டிக் கொடுத்தார். இரண்டு மூன்று வருடத்தில் லயத்து வாசல்களிலும் அது பூத்தது.

அவர்களிடம் ஜிம்மி என்றொரு நாய் இருந்தது. தவிட்டு நிறம், வாட்டசாட்டமான உடம்பு. வீட்டாரிடம் குழந்தை மாதிரி இருக்கும். கோழியைக் கண்டால் மட்டும் அதற்கு நிதானம் கிடையாது. குவாட்டர்ஸுக்குக் கீழே உள்ள லயத்தில் கந்தையாவின் கோழிகளில் நாலை அது பிடித்துத் தின்றுவிட்டது.

கந்தையா தேயிலைக்கு மருந்தடிக்கிற கூட்டத்தில் வேலை செய்தவர். ஆனால் தோட்டத்தில் அவரை எல்லோருக்கும் தெரிந்தது சமையலால்தான். கல்யாணம், கருமாதி, மாரியம்மன் கோயில் திருவிழா என்று எதுவானாலும் அடுப்புப் பக்கம் அவர்தான். முந்நூறு பேருக்குச் சோறு என்றாலும் குழையாது. ஆனந்தராசாவும் அவர் கைச்சோற்றை எத்தனையோ தடவை சாப்பிட்டவர். கொழும்பில் பெரிய குண்டு வெடித்த வருடம், யாரோ எதையோ சொன்னார்கள் என்று பொலிஸார் வந்து ஆனந்தராசாவை விசாரணைக்குக் கூட்டிப்போய் ஒன்றரை நாள் வைத்திருந்தார்கள். அந்த ஒன்றரை நாளும் டவுனுக்கு நடந்து போய் வாழையிலையில் கட்டிய சோற்றைக் கொடுத்துவிட்டு வந்தவர் கந்தையா. யார் சொன்னார், என்ன சொன்னார் என்பது ஆனந்தராசாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியவில்லை.

ஐந்தாவது கோழியும் போன அன்று கந்தையாவுக்குக் கோபம் வந்தது. காலையில் பிரட்டுக்களத்தில், வேலை பிரித்துக்கொடுக்க ஆட்கள் கூடி நிற்கும்போது, "இன்னொரு தடவ என் கோழி மேல வாய வைக்கட்டும், அந்த நாய்க்கு நானே சோறு வைக்கிறேன்" என்று சொன்னார். மருந்து கலந்த சோற்றைச் சொல்கிறார் என்று புரிந்து நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டுத்தான் மலைக்குப் போனார்.

இது நடந்து இரண்டு வாரம் கழித்து, 1998ஆம் ஆண்டு மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில், ஜிம்மி காலையில் முற்றத்தில் வாந்தி எடுத்தது. பத்மாசனி தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டார். கொஞ்ச நேரத்தில் அதன் கால்கள் நடுங்கத் தொடங்கின. பிறகு உடம்பு பலகை மாதிரி விறைத்தது. கழுத்து பின்னால் வளைந்தது. பத்மாசனி கையில் இருந்த செம்பு கீழே விழுந்த சத்தத்துக்கு அது மறுபடியும் வெட்டி இழுத்தது.

ஆனந்தராசாவுக்கு இந்த மாதிரி பார்த்த ஞாபகம் இருந்தது. வேலை பழகிய காலத்தில், வேறொரு தோட்டத்தில் வெறிநாய்ப் பயம் வந்தபோது கட்டாக்காலி நாய்களுக்கு ஸ்ட்ரிக்னின் என்ற நஞ்சை வைத்தார்கள். அந்த நாய்களும் இப்படித்தான் விறைத்தன, இப்படித்தான் சத்தத்துக்கு வெட்டி இழுத்தன. அதில் தப்பிய ஒன்றையும் அவர் கண்டதில்லை. நஞ்சுதான் என்று அவர் அந்த இடத்திலேயே முடிவு செய்தார். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்றும் முடிவு செய்தார். நாயை மனைவியிடம் விட்டுவிட்டு நேரே லயத்துக்கு இறங்கினார்.

அன்று தோட்டத்தில் கல்யாணம். லயத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, கந்தையா பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். சுற்றி நாற்பது ஐம்பது பேர். பெல்மதுளைப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டாரும் வந்து இறங்கியிருந்தார்கள்.

"கந்தையா, என்ர நாய்க்கு என்ன வைச்சனீர்?" என்று கேட்டார் ஆனந்தராசா.

கந்தையா கத்தியைக் கீழே வைத்தார். "நான் ஒண்ணும் வைக்கலிங்க ஐயா. விடியக்காலைலருந்து இங்கதான் நிக்கிறேன்."

"நான் வைத்தியம் பாக்கிற ஆள். அது நஞ்சு. நஞ்சு எண்டு எனக்குத் தெரியும். அண்டைக்குப் பிரட்டில சோறு வைப்பன் எண்டு சொன்னது ஆர்?"

கந்தையா திரும்பவும் இல்லையென்றார். ஆனந்தராசா அங்கேயே நின்று, பூச்சிமருந்து ஸ்டோரில் என்னென்ன இருக்கிறது, அதன் பூட்டுத் திறப்பு யார் கைக்கு வரும் என்றெல்லாம் கேட்டார். பக்கத்தில் நின்றவர்களையும் விசாரித்தார். அப்படியே ஒரு மணித்தியாலம் போயிருக்கும். அவர் திரும்பி வந்தபோது ஜிம்மி செத்துக் கிடந்தது. பத்மாசனி அதன் தலையை மடியில் வைத்திருந்தார்.

அந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் உட்காரவில்லை. பயண அலுப்பு, வயிறு சரியில்லை என்று சொல்லி, கடையில் வாங்கிய பணிஸைத் தின்றுவிட்டுப் பெண்ணைக் கூட்டிப் போனார்கள். இரண்டு கிடாரம் சோறு மிஞ்சியது.

தோட்டத்து மானேஜர் துரை விசாரணை எதுவும் வைக்கவில்லை. ஒரு நாய் செத்ததற்கு யார் விசாரணை வைப்பார்கள்? கந்தையாவை யாரும் ஏசவும் இல்லை. சமையலுக்குக் கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டார்கள். சித்திரைத் திருவிழாவுக்குக் கோயில் தலைவர் இந்திரகுமார் வேறொரு தோட்டத்திலிருந்து ஆள் பிடித்தார். காரணம் கேட்டவர்களிடம், கந்தையாண்ணனுக்கும் வயசாகுது, கொஞ்சம் ஓய்வு வேணும் என்று சொன்னார். கந்தையாவுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. அவருடைய மனைவி வெள்ளையம்மா லயத்துப் பிள்ளைகளுக்கு எதையாவது தின்னக் கொடுத்தால், தாய்மார் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவ்வளவுதான். பிள்ளை ஓடிவிடும். வெள்ளையம்மா சில மாதத்தில் கொடுப்பதை நிறுத்திக்கொண்டார். காய்ச்சல் வந்தால் இருவரும் டிஸ்பென்சரிக்கு வராமல் டவுனுக்குப் போனார்கள்.

ஆனந்தராசாவுக்கு இதில் மனக்கஷ்டம் இருக்கவில்லை. செய்தவன் அனுபவிக்கிறான் என்று நினைத்தார்.

அடுத்த வருடம் வைகாசியில் அவர்கள் ஒரு குட்டி வளர்க்கத் தொடங்கினார்கள். பெயர் பிறவுணி. பழைய அனுபவத்தால் பத்மாசனி அதைக் கேட்டுக்கு வெளியே விடுவதே இல்லை. அவர் கையால் போட்டதைத் தவிர அது வேறெதையும் தின்ன அவர் விட்டதில்லை. அப்படி வளர்ந்த குட்டி, ஒரு புதன்கிழமை மத்தியானம் வாந்தி எடுத்தது. பிறகு அதன் கால்கள் நடுங்கத் தொடங்கின.

ஆனந்தராசா டிஸ்பென்சரியிலிருந்து ஓடி வந்தார். கேட்டில் பூட்டு தொங்கியது. முள்வேலியில் ஓட்டை இல்லை. பத்மாசனி காலையிலிருந்து முற்றத்தை விட்டு அசையவில்லை. இதற்கு யார் வந்து எதை வைத்திருக்க முடியும்? இந்த முறை அவர் யாரையும் தேடிப் போகவில்லை. வாந்தியைக் குனிந்து பார்த்தார். பாலும் சோறும் கலந்த அந்த வாந்தியில் கருமண்ணிற விதைகள் ஏழெட்டுக் கிடந்தன. பத்மாசனியும் குனிந்தார்.

"ஜிம்மி எடுத்த சத்தியிலயும் இப்பிடி ஏதோ கிடந்ததப்பா. நான் கழுவி விட்டனான்" என்றார் மெல்ல.

விதைகளை ஒரு மாத்திரைப் பைக்குள் போட்டுக்கொண்டு, குட்டியைச் சாக்கில் சுற்றி, தோட்டத்து வான் வண்டியில் டவுனுக்குக் கொண்டு போனார்கள். அங்கே புதிதாக வந்திருந்த மிருக வைத்தியர் ஸுலைஹா என்ற இளம் பெண். மாவனல்லைக்காரர். அவர் முதலில் குட்டிக்கு ஊசி போட்டு, அறை யன்னலுக்குக் கறுப்புச் சீலையை இழுத்துவிட்டு, எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். பிறகு விதைகளை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். வீட்டில் என்னென்ன பூமரம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பத்மாசனி சொல்லிக்கொண்டே வந்தார். நிறம் மாறும் பூவைச் சொன்னதும், அது காய்க்கிறதா, காய் எப்படியிருக்கும் என்று கேட்டார். சுண்டங்காய் அளவில் காய்க்கும், காய்ந்தால் வெடித்து விதை கீழே கொட்டும் என்றார் பத்மாசனி.

"அதுதான். பார்க்க அழகான மரம். நாய்க்குக் கூடாது. இலையும் கூடாது, காயும் விதையும் அதவிட மோசம். சில நாய்க்கு அந்தக் காயில ஒரு ஆச வேற இரிக்கி" என்றார் ஸுலைஹா. "ஸ்ட்ரிக்னின் வெச்ச மாதிரியேதான் இழுக்கும். படிச்ச டொக்டர்மாரே ஏமாந்திரிக்காங்க."

ஆனந்தராசா அவர் கையிலிருந்து விதைகளை வாங்கி மாத்திரைப் பைக்குள் போட்டார். பிறகு, போன வருடம் ஒரு நாய் இப்படிச் செத்தது, அதைக் காப்பாற்றியிருக்க முடியுமா என்று கேட்டார்.

"உறுதியா சொல்ல ஏலா சேர். இருட்டில, சத்தமில்லாம வெச்சி, இழுப்ப அடக்க ஊசி போட்டிருந்தா தப்ப இடமிரிக்கி. ஒரு சிலது தப்பாது."

இழுப்பை அடக்கும் ஊசிமருந்து அன்றைக்கு டிஸ்பென்சரி அலுமாரியில் இருந்தது. திறப்பு அவருடைய சட்டைப் பையில் இருந்தது. அந்த ஒரு மணித்தியாலம் அவர் லயத்தில் நின்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

குட்டியை இரண்டு நாள் அங்கேயே வைத்திருந்தார்கள். தப்பிவிடும் என்று ஸுலைஹா சொன்ன பிறகுதான் வீட்டுக்குத் திரும்பினார்கள். வண்டியில் வரும்போது பத்மாசனி, யார் யாருக்குத் தடி கொடுத்தேன் என்று விரல் விட்டு எண்ணினார். பதினான்கு வீடு. அதில் ஆறேழு வீட்டில் நாய் இருந்தது. எல்லா வீட்டிலும் பிள்ளைகள் இருந்தார்கள். போய்ச் சொல்லாமல் விட முடியாது. சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். ஒவ்வொரு வாசலிலும் ஜிம்மியின் கதையைத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் ஆனந்தராசா கத்தியை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனார். பத்மாசனி குறுக்கே வந்து நின்றார்.

"அண்டைக்கு வாந்தியைப் பாக்காமல் மனுசனைப் பிடிச்சியள். இப்ப மரத்தைப் பிடிக்கிறியளோ? கம்பியடைச்சு விடுவம். விழுகிற காயை நான் பொறுக்கிறன். நீங்கள் முதல்ல அந்த மனுசனிட்டைப் போங்கோ."

சனிக்கிழமை காலை அவர் கந்தையா வீட்டுக்குப் போனார். கந்தையா வாசலில் உட்கார்ந்து மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். வெள்ளையம்மா உள்ளே இருந்து எட்டிப் பார்த்தார். அந்த வாசலிலும் ஒரு பழைய எண்ணெய் டின்னில் மூன்று நிறமும் பூத்திருந்தது. லயத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் ஸ்டூலை இழுத்துப் போடுவார்கள், பிறகு குடிக்கச் சாயத்தண்ணி வரும். அன்றைக்கு இரண்டும் வரவில்லை. ஆனந்தராசா நின்றுகொண்டே சொன்னார்.

"கந்தையா, ஜிம்மிக்கு நீங்கள் ஒண்டும் வைக்கேல்லை. அது எங்கட வீட்டு மரத்து விதையைத் திண்டு செத்தது. நான் சொன்னது பிழை."

அதுவரைக்கும் அவர் கந்தையாவை நீர் என்றே கூப்பிட்டவர். நீங்கள் என்று வந்ததை அவரே கவனிக்கவில்லை.

கந்தையா பிடியை மண்ணில் ஒருமுறை தட்டினார். "நான் வைக்கலன்னு எனக்கு அன்னைக்கே தெரியுங்க ஐயா" என்றார்.

ஆனந்தராசா மன்னிப்புக் கேட்டார். விதையைப் பற்றியும், வைத்தியர் சொன்னதைப் பற்றியும் விவரமாகச் சொன்னார். கந்தையா கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் நிமிர்ந்து பார்த்தார்.

"இத எங்கிட்ட சொல்லி என்னங்க ஆகப்போகுது? அன்னைக்கு எங்கிட்ட மட்டுமா சொன்னீங்க?"

குரலில் கோபம் இருக்கவில்லை. ஆனந்தராசாவுக்கு அதுதான் தாங்க முடியவில்லை. திரும்பும்போது வெள்ளையம்மா வாசலுக்கு வந்து, பக்கத்து வீட்டுப் புள்ளைங்க இந்தப் பூவைப் பறிச்சு வெளையாடுதுங்களே, தொட்டா ஏதும் ஆகுமாங்க என்று கேட்டார். தொட்டால் ஒன்றுமில்லை, வாயில் வைக்க விடக்கூடாது என்று அவர் சொன்னார். வெள்ளையம்மா டின்னைத் தூக்கி உயரத்தில், யன்னல் கட்டையில் வைத்தார்.

மற்றப் பதின்மூன்று வீட்டுக்கும் அவர் ஞாயிற்றுக்கிழமை போனார். திங்கட்கிழமை காலை, துரையிடம் சொல்லிவிட்டுப் பிரட்டுக்களத்துக்கு வந்தார். கையில் காயோடு ஒரு கொப்பு வைத்திருந்தார். ஆட்கள் எல்லோரும் நின்றார்கள். மருந்தடிக்கிற கூட்டத்தில் கந்தையாவும் நின்றார். ஆனந்தராசா முதலில் மரத்தைப் பற்றிச் சொன்னார். பிறகு, போன வருடம் தன் நாய் செத்தது இதனால்தான், கந்தையா மேல் தான் போட்ட பழி பொய், எல்லாம் தெரிந்த ஆள் என்ற திமிரில் விசாரிக்காமல் சொல்லிவிட்டேன், அவருடைய கைச்சோற்றில் எந்தக் குறையும் இல்லை என்று சொன்னார்.

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கேள்வி கேட்டார்கள். ஆடு தின்றால் என்ன ஆகும்? மாட்டுக்கு? காயைப் பறித்துவிட்டால் மரம் இருக்கலாமா? அரளியைவிட இது மோசமா? எல்லாவற்றுக்கும் அவர் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். தெரியாததை, தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றார். கந்தையாவைப் பற்றி யாரும் எதையும் கேட்கவில்லை. பிறகு வேலை பிரித்தார்கள், கலைந்து போனார்கள். கந்தையாவும் மருந்துக் கலனைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார்.

அந்த வாரமே பாதி வீடுகளில் மரத்தைப் பிடுங்கிவிட்டார்கள். சில வீடுகளில் முள் வைத்து அடைத்தார்கள். அவர் மரத்தைப் பற்றிச் சொன்னது அந்த வேகத்தில் வேலை செய்தது. கந்தையாவைப் பற்றிச் சொன்னது அப்படிச் செய்யவில்லை. ஐயா பாவம் பார்த்து மூடிப் பேசுகிறார் என்றுகூடச் சிலர் கதைத்தார்கள். அடுத்த சித்திரைத் திருவிழாவுக்கு இந்திரகுமார் கந்தையாவிடம் போய்ச் சமைக்கச் சொல்லிக் கேட்டார். ஆனந்தராசா கேட்டுக்கொண்டதால்தான் அவர் வந்தார் என்பது கந்தையாவுக்குத் தெரியும். வேணாங்க தலைவரே, எல்லாரும் என் கையவே பாத்துக்கிட்டு நிப்பாங்க, அப்படி நின்னா எனக்குச் சமைக்க வராது என்று சொல்லி அனுப்பிவிட்டார். பத்மாசனி தன் மாமனாரின் திவசத்துக்குச் சமைக்கக் கூப்பிட்டபோதும் அதே பதில்தான்.

ஆனந்தராசா அதற்குப் பிறகு நோய்க்காரரிடம் பேசும் விதம் மாறியது. இது இன்னது என்று உடனே சொல்வதைக் குறைத்தார். என்ன சாப்பிட்டாய், எங்கே போனாய், எப்போது தொடங்கியது என்று பொறுமையாகக் கேட்டார். ஐயாவுக்கு முன்ன மாதிரித் தெரியல போல என்று சிலர் நினைத்தார்கள். அதுவும் அவர் காதுக்கு வந்தது.

2000ஆம் ஆண்டு ஆவணியில் மேல் லயத்தில் ஒரு வயதானவர் செத்துப்போனார். பெரிய குடும்பம். கருமாதிக்கு எல்லாத் தோட்டத்திலிருந்தும் உறவுக்காரர் வந்து சேர்ந்தார்கள். பிடித்து வைத்திருந்த சமையல்காரர் காலையில் வரவில்லை. மழையில் ரோட்டு இடிந்து பஸ் ஓடவில்லை என்று தகவல் வந்தது. இருநூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அரிசி இருக்கிறது, காய் இருக்கிறது, அடுப்பு எரிகிறது. செத்தவரின் மகன் கீழ் லயத்துக்கு ஓடினான். கந்தையா வேலைக்குப் போகப் புறப்பட்டு நின்றார். அவன் எதையும் விளக்கவில்லை. வாங்கண்ணே, வேற வழியில்ல என்று மட்டும் சொன்னான். கந்தையா வெள்ளையம்மாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஏறினார்.

ஆனந்தராசாவும் பத்மாசனியும் மத்தியானம் துக்கம் கேட்கப் போனபோது முதல் பந்தி ஓடிக்கொண்டிருந்தது. மழையில் நடந்து வந்த சனம் பசியோடு சாப்பிட்டது. யாரும் யாருடைய கையையும் பார்க்கவில்லை. யார் சமையல் என்றுகூடப் பலருக்குத் தெரியாது. இரண்டாம் பந்தியில் இருவரும் உட்கார்ந்தார்கள். ரச வாளியைக் கந்தையாவே தூக்கிக்கொண்டு வந்தார். ஆனந்தராசாவின் இலைக்கு முன்னால் வந்ததும் ஒரு கணம் நின்றார்.

"ரசம் ஊத்தட்டுங்களா ஐயா?"

"ஊத்துங்கோ."

கந்தையா ஊற்றினார். ஆனந்தராசா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பக்கத்து இலைக்காரர், "அண்ணே, இங்கயும் கொஞ்சம் விடுங்க" என்று கூப்பிட்டார். கந்தையா வாளியோடு அந்தப் பக்கம் நகர்ந்தார்.